ஜுரமில்லாத ஜன்னி

சென்ற வருஷம் ஐப்பசி மாதத்தில், மழை சற்று விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எனக்குத் தமிழ் கற்பித்த வாத்தியாரைப் பார்த்து வரலாமென்று புறப்பட்டேன். அவருக்கு வயது 82. மனைவி காலமாகிவிட்டார், ஒரே குமாரர் வெளிநாட்டில் உத்தியோகம் பார்க்கிறார். ஆகையால் சில வருஷங்களாக வாத்தியார் ஒரு முதியோர் விடுதியில் வாசம் செய்து வருகிறார். நானும் இப்போது பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிப் பிழைக்கிறவன்தான். ஆயினும் அவர் முன்னால் போய் நின்றால், இன்றைக்கும் ஏழாம் வகுப்புப் பையனின் பயம் எனக்கு வந்துவிடும். பேச்சில் ஓர் எழுத்துப் பிசகினாலும் உடனே திருத்திவிடுவார்.

விடுதியின் மானேஜர் என்னைப் புன்னகையோடு வரவேற்றார். "தங்கள் வாத்தியார் இப்போது வெகு சமர்த்தாகிவிட்டார். மூன்று நாட்களாக ராத்திரியில் மணி அடிப்பதில்லை, சாப்பாட்டில் குறை சொல்வதில்லை, யாரையும் கோபிப்பதுமில்லை" என்றார். அவர் நல்ல மனிதர். சந்தோஷ சமாசாரம் என்று எண்ணித்தான் அதைச் சொன்னார்.

அறைக்குள் சென்று பார்த்தேன். வாத்தியார் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். பக்கத்திலிருந்த சாதம் தொடப்படாமல் காய்ந்து போயிருந்தது. "ஸார், நான் வந்திருக்கிறேன்" என்றேன். கண்ணைத் திறந்தார், என்னைப் பார்த்தார், ஏதோ சொல்லத் தொடங்கினார், வாக்கியம் முடிவதற்குள் கண் மூடிக்கொண்டது. விரல்கள் மட்டும் போர்வையிலிருந்து இல்லாத நூலைப் பொறுக்கிக்கொண்டே இருந்தன.

வாசற்படியில் நின்றுகொண்டிருந்த ஆயா, உள்ளே வரலாமா கூடாதா என்று தயங்கி, பிறகு என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்: "இது நம்ம தாத்தாவே இல்லீங்க ஸார். தினம் காலையிலே நாட்காட்டித் தாளைக் கிழிச்சு, இன்னிக்கு இன்ன கிளமைன்னு படிப்பேன். 'கிளமை இல்லை அம்மா, கிழமை! நாக்கை மடித்துச் சொல்' அப்படின்னு திருத்துவார். ஒரு நாள் தப்பினதில்லை. வியாழக்கிளமையிலேருந்து திருத்தவே இல்லை ஸார். மேலே சொன்னேன். வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டாங்க."

அன்றிரவே வைத்தியரை வரவழைத்தோம். உடம்பில் ஜுரம் இல்லை. ஆனால் அடிவயிறு உப்பிக் கல் போல இருந்தது. மூத்திரம் இறங்காமல் தேங்கி, அதிலே கிருமி சேர்ந்து, விஷம் உடம்பெல்லாம் பரவத் தொடங்கியிருந்தது. காரணத்தை விசாரித்தபோது அது மிக அற்பமானதாக இருந்தது. புதன்கிழமையன்று தும்மல் தொந்தரவு என்று அவருக்கு ராத்திரியில் ஒரு ஜலதோஷ மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தூக்கத்தை வரவழைக்கும் பழைய ரக மாத்திரை அது. வயதான ஆண்களுக்கு மூத்திரப்பையின் கீழுள்ள சுரப்பி வீங்கியிருப்பது சகஜம், அப்படிப்பட்டவர்களுக்கு அம்மாதிரி மாத்திரை மூத்திரத்தை அடைத்துவிடக் கூடும், மூளையையும் மந்தப்படுத்தும். மறுநாள் வியாழக்கிழமை. அந்த ஆயா சொன்ன அதே வியாழக்கிழமை!

விடுதியில் ஒருவரும் கொடியவரல்லர். கண்ணுக்கு முன்னால் நடந்ததற்கு என்ன பெயர் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாததனால் மூன்று நாட்கள் வீணாயின. இந்தக் கட்டுரை அந்த மூன்று நாட்களைப் பற்றியது.

சால் விலகிய ஏர்

மேனாட்டு வைத்தியர்கள் இந்த நிலையை 'டெலிரியம்' என்கிறார்கள். லத்தீன் பாஷையில் உழவுசால் என்று பொருள்படும் சொல்லிலிருந்து அது பிறந்தது. ஏர் சாலை விட்டு விலகி ஓடுவதுபோல், புத்தி தன் வழியை விட்டு விலகுவது என்பது கருத்து. உழவுத் தொழிலில் பிறந்த நமக்கு இந்த உவமை எளிதில் விளங்கும். மாடும் கெடவில்லை, ஏரும் ஒடியவில்லை. ஏதோ ஒரு கல் தடுக்கியிருக்கிறது. கல்லைக் கண்டுபிடித்து அகற்றினால் ஏர் பெரும்பாலும் சாலுக்குத் திரும்பும்.

நம்மிடம் இதற்குச் சொல் இல்லாமலில்லை. 'ஜன்னி' என்ற சொல்லை அறியாத பாட்டி ஒரு காலத்தில் கிடையாது. ஜுர வேகத்தில் ஒருவன் பிதற்றினால், "ஜன்னி கண்டுவிட்டது" என்று சொல்லி வைத்தியருக்கு ஆள் அனுப்புவார்களே அன்றி, அவனைப் பைத்தியம் என்று ஒதுக்கமாட்டார்கள். சன்னிபாத ஜுரத்தை ஆயுர்வேதம் பதின்மூன்று வகையாகப் பிரித்துச் சொல்கிறது. உடம்பின் கேடு புத்தியில் தோன்றும் என்ற உண்மை நம் முன்னோருக்குப் பழகிப்போன ஒன்று.

ஆனால் அந்தச் சொல்லோடு நாம் ஜுரத்தையும் சேர்த்தே நினைத்துவிட்டோம். வயோதிகத்தின் விசேஷம் என்னவென்றால், உள்ளே கிருமி புகுந்தாலும் சில சமயம் உடம்பு கொதிப்பதில்லை. நுரையீரலில் சளி கட்டியிருந்தும் இருமல் இராது. மூத்திரத்தில் கிருமி இருந்தும் எரிச்சலைச் சொல்லத் தெரியாது. முதல் அடையாளமாகவும், சில சமயம் ஒரே அடையாளமாகவும், புத்தித் தடுமாற்றமே தோன்றும். இது ஜுரமில்லாத ஜன்னி. நெற்றியைத் தொட்டுப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுவதுதான் இங்கே பெரும் பிழை.

மறதி நோய் வேறு, இது வேறு

முதியோர் விடுதிகளில் பணி செய்வோர் பலருக்கு மறதி நோயைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். அதனால் புத்தி தடுமாறும் எவரைக் கண்டாலும் அந்த நோய்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டையும் பிரித்தறிவது கஷ்டமன்று. மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. ஜன்னியோ மணிக்கணக்கில், அதிகமாய்ப் போனால் ஒரு சில நாட்களில் வந்துவிடும். மறதி நோயுள்ளவர் காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பார். ஜன்னி கண்டவர் காலையில் தெளிவாகப் பேசி, மாலையில் மகளையே அடையாளம் தெரியாமல் விழிப்பார். பெரும்பாலும் இரவில் அதிகப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவரால் மனத்தை ஒரு விஷயத்தில் நிறுத்த இயலாது. கேட்ட கேள்வி பாதியிலேயே நழுவிப் போய்விடும்.

மறதி நோய் உள்ளவருக்கே ஜன்னி எளிதில் வரும் என்பதுதான் இதில் சங்கடமான விஷயம். "அவர் எப்போதும் இப்படித்தான்" என்ற வார்த்தை அவருக்கு யமனாக முடியலாம். நேற்று எப்படி இருந்தார், இன்று எப்படி இருக்கிறார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இதில் மூன்று ரகம் உண்டு. ஒன்று, கூச்சலும் கலவரமும் உள்ளது: எழுந்து ஓடுவார், இல்லாத பூச்சியைத் தட்டுவார், சுவரில் மனிதர்களைக் காண்பார், மருந்து கொடுப்பவரை விஷம் வைப்பவராக எண்ணுவார். இவரை எல்லோரும் கவனிப்பார்கள். ஆனால் கவனித்துச் செய்வது பெரும்பாலும் தவறான காரியமாக இருக்கும்: கையைக் கட்டிப் போடுவார்கள், அல்லது தூக்க மாத்திரை கொடுப்பார்கள். இரண்டுமே கலக்கத்தை அதிகமாக்கக் கூடியவை. இரண்டாவது, அமைதியான ரகம்: பேசாமல், உண்ணாமல், பாதித் தூக்கத்தில் கிடப்பார். என் வாத்தியாருக்கு வந்தது இதுதான். இவரை ஒருவரும் கவனிப்பதில்லை. "சமர்த்தாகிவிட்டார்" என்று மெச்சவும் செய்வார்கள். மூன்றாவது, இரண்டும் மாறி மாறி வருவது. ஓசையற்ற இரண்டாவது ரகமே அதிகமாகத் தவறவிடப்படுகிறது; தாமதமாகத் தெரிவதால் ஆபத்தும் அதில் அதிகம்.

கல் எங்கே இருக்கிறது?

காரணங்களின் ஜாபிதாவைப் பார்த்தால் வியப்பாக இருக்கும், அவ்வளவு சாதாரணமானவை. போதிய தண்ணீர் குடிக்காமை, நாலைந்து நாள் மலச்சிக்கல், மூத்திரத் தேக்கம், சளி, மூத்திரக் கிருமி முதலியன, வெளியே சொல்லாத வலி, இரத்தத்தில் சர்க்கரையோ உப்போ ஏறி இறங்குதல், இருதயமும் சுவாசமும் பலவீனப்படுதல், இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை, புதிதாகத் தொடங்கிய மருந்து அல்லது திடீரென்று நிறுத்திய மருந்து. இவற்றோடு, மூக்குக்கண்ணாடி காணாமற்போனதும், காதுக்கருவியில் பாட்டரி தீர்ந்ததும், புது அறைக்கு மாற்றியதும் சேர்ந்துகொள்ளும். இளைஞனுக்கு இவற்றில் ஒன்று நேர்ந்தால் உடம்பு தாங்கிக்கொள்ளும். முதியவருக்கோ, ஏற்கெனவே நிறைந்திருக்கும் பானையில் ஒரு துளி விழுந்தாலும் வழிந்துவிடும்.

இத்தனை சாதாரணக் காரணங்கள் என்பதிலேயே ஒரு நல்ல செய்தியும் அடங்கியிருக்கிறது: பலவற்றைத் தடுக்கலாம். அமெரிக்காவில் முன்பு யேல் சர்வகலாசாலையில் இருந்த டாக்டர் ஷாரன் இனூயே என்ற பெண்மணி இதற்காகவே உழைத்தவர். ஜன்னியைக் கண்டறிய எளிய முறை ஒன்றை 1990-ல் அவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்டனர். பிறகு, ஆஸ்பத்திரியில் சேர்ந்த 70 வயதுக்கு மேற்பட்ட 852 பேரிடம் ஒரு பரீட்சை நடத்தி, அதன் முடிவை 1999-ல் பிரசுரித்தார்கள். அவர்கள் கொடுத்தது புது மருந்தன்று. தண்ணீர் குடிக்கச் செய்தார்கள், நடக்க வைத்தார்கள், கண்ணாடியும் காதுக்கருவியும் கைக்கு எட்டச் செய்தார்கள், இன்று என்ன நாள், இது எந்த இடம் என்று நினைவூட்டிப் பேசினார்கள், இரவில் தூக்க மாத்திரைக்குப் பதிலாகச் சூடான பால் கொடுத்து முதுகைத் தடவிவிட்டார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 15 பேருக்கு ஜன்னி கண்டது. இவ்வாறு கவனிக்கப்பட்டோரில் நூற்றுக்கு 9.9 பேருக்கே கண்டது. சூடான பாலும் முதுகு தடவலும் நம் வீடுகளுக்குப் புதியனவா?

இங்கிலாந்தில் 2010-ல் வெளியான தேசிய வைத்திய வழிகாட்டி, ஆஸ்பத்திரிகளை மட்டுமின்றி முதியோர் விடுதிகளையும் சேர்த்தே இந்த விஷயத்தைப் பேசியது. அந்நாட்டின் வடபகுதியில், 'ஸ்டாப் டெலிரியம்' என்ற பெயரில் விடுதி ஊழியர்களுக்கென்றே ஒரு பயிற்சித் திட்டம் வகுத்தார்கள். சிறு சிறு வகுப்புகள் நடத்தி, தங்கள் விடுதியில் எதை எப்படி மாற்றலாம் என்று ஊழியர்களே கூடி யோசிக்கும்படி செய்தார்கள். நோயாளியின் பக்கத்தில் நாள் முழுவதும் இருப்பவர் டாக்டர் அல்லர், ஊழியரே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

நம் தேசத்தின் நிலை

2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி, 60 வயதைக் கடந்தவர்கள் இந்தியாவில் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் பத்துப் பேருக்கு ஒருவருக்கும் சற்று அதிகம். இதன் பிறகு அந்த விகிதம் உயர்ந்தே வந்திருக்கிறது. கூட்டுக் குடும்பம் சுருங்கிவிட்டது. பிள்ளைகள் பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து போகிறார்கள். 2007-ம் வருஷத்திய பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம், ஆதரவற்ற முதியோருக்காக ஜில்லாவுக்கு ஒரு விடுதியாவது 150 பேர் தங்கும்படி மாகாண சர்க்கார்கள் ஏற்படுத்தலாம் என்று கூறுகிறது. தர்ம ஸ்தாபனங்களும் தனியாரும் நடத்தும் விடுதிகள் வேறு.

முதியோர் வைத்தியத்தில் சென்னை முன்னோடியான நகரம். டாக்டர் வி. எஸ். நடராஜனின் முயற்சியால் அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் 1978-ல் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. இந்தியாவில் அதுவே முதலாவது. கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் 2024-ல் திறக்கப்பட்டிருக்கிறது. இவை பெருமைப்படத் தக்கவை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதை முதலில் ஒருவர் கண்டுபிடிக்க வேண்டுமே! அந்த ஒருவர் யார்? பெரும்பாலும் சொற்பச் சம்பளத்துக்கு, ஒரே இரவில் பலரைக் கவனித்துக்கொள்ளும் ஆயா. அவருக்கு நாம் கற்றுக் கொடுத்திருப்பது படுக்கை விரிப்பை மாற்றுவதும், மாத்திரையை எண்ணிக் கொடுப்பதும் மட்டுமே. இன்னின்ன மாறுதலைக் கண்டால் உடனே சொல் என்று கற்பிக்கவுமில்லை, சொன்னால் கேட்கவுமில்லை.

என்ன செய்ய வேண்டும்?

படிப்பறிவு அதிகம் வேண்டாத காரியங்களையே சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் புற்றுநோய் கண்டவர்களிடையே, ஒரே ஒரு கேள்வியைக் கொண்டு ஜன்னியைக் கண்டறிய முடியுமா என்று சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். "இவர் முன்னைவிடக் குழம்பியிருப்பதாக உமக்குத் தோன்றுகிறதா?" என்று நோயாளியை நன்கறிந்தவரைக் கேட்பதுதான் அது. விடுதியில் ஒவ்வொரு முறையும் வேலை மாறும்போது, போகிறவரை வருகிறவர் இந்தக் கேள்வியைக் கேட்கட்டும். பதிலை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும்.

சந்தேகம் தட்டினால் கவனத்தைச் சோதிக்கலாம். எடின்பரோவில் வகுக்கப்பட்ட '4ஏடி' என்ற முறையில், வருஷத்தின் மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்கிறார்கள். நம் முதியவரைப் பங்குனி, மாசி, தை என்றோ, சனி, வெள்ளி, வியாழன் என்றோ திருப்பிச் சொல்லச் சொல்லலாம். நேற்றுச் சொன்னவர் இன்று இரண்டாவதிலேயே நின்றுவிட்டால், அது வயதின் காரியமன்று.

பிறகு கல்லைத் தேட வேண்டும். தண்ணீர் குடித்தாரா? மலஜலம் போயிற்றா? எங்கேனும் வலிக்கிறதா? விழுந்தாரா? எந்த மருந்து புதிது? இவற்றைக் குறித்துக்கொண்டு, அன்றைக்கே வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. எழுப்பவே முடியாத மயக்கமோ, மூச்சுத் திணறலோ, முகம் கோணுதலோ, கைகால் விழுதலோ கண்டால் 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோக வேண்டும். வைத்தியரிடம், "தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை" என்பதைவிட, "வியாழக்கிழமை காலையிலிருந்து பேச்சைப் பின்பற்ற முடியவில்லை, புதன் இரவு இந்த மாத்திரை கொடுத்தோம்" என்பது ஆயிரம் மடங்கு உபயோகமானது.

வைத்தியம் நடக்கும்போது விடுதியின் கடமை அமைதியான பராமரிப்பு. வெளிச்சம் இருக்கட்டும், கடிகாரமும் நாட்காட்டியும் கண்ணில் படட்டும், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். காணாததைக் கண்டதாகச் சொன்னால் வாதாட வேண்டாம். "பயப்படாதீர்கள், நான் இருக்கிறேன்" என்று சொன்னால் போதும். அவர் கண்டது பொய்யானாலும் பட்ட பயம் மெய்.

உறவினர்களும் ஒரு காரியம் செய்யலாம். பெற்றோரை விடுதியில் சேர்க்கும்போது, மருந்துச் சீட்டோடு ஒரு காகிதத்தில் அவருடைய சுபாவத்தையும் எழுதிக் கொடுங்கள். காலையில் பத்திரிகை படிப்பாரா? காபியில் சர்க்கரை குறைந்தால் கோபிப்பாரா? பேத்தியின் பெயர் என்ன? பழைய மனிதர் எப்படி இருந்தார் என்று தெரிந்தால்தான், புதியவர் வந்து படுத்திருப்பது தெரியும்.

காந்தியடிகள் டர்பனில் வக்கீல் தொழில் நடத்திய காலத்தில், சிறு தர்ம ஆஸ்பத்திரி ஒன்றில் தினந்தோறும் காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் பணிவிடை செய்ததைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர் அங்கே செய்த வேலை என்ன? நோயாளிகளிடம் அவர்களுடைய குறைகளைக் கேட்டறிவது, அவற்றை டாக்டரிடம் எடுத்துரைப்பது, மருந்தை வாங்கிக் கொடுப்பது. அவ்வளவுதான். கேட்டறிவதும் எடுத்துரைப்பதும் மகாத்மாவுக்குச் சிறிய வேலையாகப் படவில்லை. அதே வேலையைச் செய்யும் ஆயாவின் வாய்ச்சொல்லை, "மேலே" இருப்பவர்கள் மட்டும் சிறியதாக எண்ணலாமா? சுதந்திர தேசத்தில் கூலியின் அளவைக் கொண்டு ஒரு மனுஷியின் சாட்சியத்தை எடை போடும் வழக்கம் இனியாவது ஒழிய வேண்டும்.

என் வாத்தியார் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மூத்திரம் இறங்கிக் கிருமி அடங்கிய பிறகும், புத்தி உடனே தெளிந்துவிடவில்லை. தை மாதம் வரையில் இரவு நேரங்களில் தடுமாற்றம் இருந்தது. இதுவும் நேயர்கள் அறிந்திருக்க வேண்டியது: காரணம் நீங்கியவுடன் விளக்கைப் போட்டாற்போல் எல்லோரும் தெளிந்துவிடுவதில்லை. சிலருக்கு வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள், சிலர் பழைய நிலைக்குத் திரும்புவதேயில்லை. மூன்று நாள் ஒரே பக்கமாகப் படுத்ததில் அவருக்கு இடுப்பில் படுக்கைப் புண் வந்துவிட்டது. முன்பு கைத்தடியோடு தோட்டத்தைச் சுற்றி வந்தவர், இப்போது அறை வாசல் வரை ஒருவரைப் பிடித்துக்கொண்டு வருகிறார். வியாழக்கிழமையே ஆயாவின் பேச்சைக் கேட்டிருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்குமோ, எனக்குத் தெரியாது. மானேஜருக்கும் அந்தக் கேள்வி மனத்தை அறுக்கிறது என்று நினைக்கிறேன். இப்போது அந்த விடுதியில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அதில் எழுதும் உரிமை ஆயாக்களுக்கும் உண்டு. காலையில் மானேஜர் முதலில் படிப்பது அதைத்தான்.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலையில் போயிருந்தேன். ஆயா நாட்காட்டித் தாளைக் கிழித்து, "இன்னிக்கு வெள்ளிக்கிளமை, தாத்தா" என்றார். வாத்தியார் சற்று நேரம் மேலே பார்த்தபடி இருந்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு மெல்லிய குரலில், "கிழமை, அம்மா" என்றார்.

ஆயா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தேதி போட்டு எழுதினார். எட்டிப் பார்த்தேன். "தாத்தா திருத்தினார்" என்று எழுதியிருந்தது.